ஷட்டர் அக்கா

கட்டின புருஷனோடு போட்ட சண்டைகளை ஒரு தட்டிலும், அந்த அக்காவோடு போட்ட சண்டைகளை இன்னொரு தட்டிலும் வைத்தால், அக்காவின் தட்டுதான் கீழே போகும். அத்தனையும் ஒரே விஷயத்துக்குத்தான். பஸ் ஜன்னல். நான் திறப்பேன், அவள் மூடுவாள். காலை எட்டே காலுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குகிறவரை இதே வேலை. இப்படி மூன்று வருஷம். அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்கு அடையாளம் தெரியாது. கண்டக்டரிலிருந்து பள்ளிக்கூட டீச்சர்கள் வரைக்கும் எல்லாருக்கும் அவள் ஷட்டர் அக்கா.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு பஸ் ஆகாது. பிறந்ததிலிருந்தே ஆகாது. டீசல் வாடையும் மூடின ஜன்னலும் சேர்ந்தால் பத்தாவது நிமிஷம் வயிற்றைப் புரட்டிவிடும். எலுமிச்சம்பழம் முகர்ந்தாயிற்று, புளிப்பு மிட்டாய் சப்பியாயிற்று, யாரோ சொன்னார்கள் என்று செய்தித்தாளை மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டும் பார்த்தாயிற்று. காற்று ஒன்றுதான் மருந்து. திண்டிவனத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை கிடைத்தபோது என் வீட்டுக்காரர் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "ஜன்னலோரமா சீட்டு கெடைக்குமா?" என்றுதான் கேட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பக்கத்துப் புளியமரங்களையும் வெட்டிச் சாய்த்து, பழைய தாரைப் பெயர்த்து, அங்கங்கே வெறும் மண்ணாகக் கிடந்தது. அதன்மேல் கல் உடைக்கிற கிரஷரிலிருந்து ஜல்லியும் மண்ணும் ஏற்றின டிப்பர் லாரிகள் வரிசையாக ஓடும். முன்னால் ஒரு லாரி போனால் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு வழியே தெரியாது. திண்டிவனம் நெருங்கினால் தூசி குறையும். அதற்குப் பதில் மேம்பாலத்துக்கு அடியில் நாலா பக்கத்து வண்டியும் மாட்டிக்கொண்டு நின்று புகை கக்கும். எட்டு மணிக்கு வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால் ஒன்பதரை மணிக்கு ஆபீசில் தலைவாரும்போது சீப்பில் மண் வரும்.

முதல் நாள் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கலாம். வெள்ளைப் பருத்தித் துணியால் தலை, நெற்றி, கன்னம், கழுத்து எல்லாவற்றையும் சுற்றிக்கட்டி, கண் மட்டும் தெரிந்தது. ஊரைத் தாண்டி முதல் டிப்பர் கண்ணில் பட்டதுதான் தாமதம், என்னைத் தாண்டிக் கையை நீட்டி இரண்டு பக்கத்துக் கிளிப்பையும் அமுக்கினாள். தடால் என்று ஷட்டர் இறங்கியது.

"இன்னாக்கா, கேக்காம கொள்ளாம மூடற?"

"தூசி வருது."

"வந்தா உனுக்கின்னா? அதான் மூட்ட கட்டி வெச்சிருக்கிறியே."

"கட்டுனாலும் உள்ள வரும். தூசி பட்டா எனுக்கு மூஞ்சி போயிடும்."

"மூடுனா எனுக்கு வாந்தி வரும்."

"பொறுத்துக்க. ரெண்டு கிலோமீட்டருதான்."

நான் தூக்கினேன். அவள் இறக்கினாள். மறுபடி தூக்கினேன். கண்டக்டர் வந்து, "ஏம்மா, ரெண்டு பேரும் சேந்து பஸ்ஸ ஒடைச்சிப் போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். ஷட்டர் மூடியபடியே இருந்தது. வல்லம் வருவதற்குள் நான் காலையில் தின்ற நாலு இட்லியையும் அவள் மடியில் எடுத்துவிட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிர் போய்விட்டது. அவள் தன் பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துப் புடவையைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளையிலருந்து எம்பக்கத்துலயே குந்து. வேற யார் மேலயாவது எடுத்து வெச்சின்னா ஒத வாங்குவ" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் ஒரே சீட்டுக்காரிகள் ஆனோம்.

அவளுக்கு அந்த ரோடு மனப்பாடம். எந்த இடத்தில் தார் இருக்கிறது, எங்கே மண், எந்த வளைவில் டிப்பர் வந்து சேரும், எங்கே தண்ணி லாரிக்காரன் ஊற்றிவிட்டுப் போயிருப்பான், எல்லாம் தெரியும். தார் ரோடு வந்தால் "தொற" என்பாள். மண் வருவதற்கு அரை பர்லாங்குக்கு முன்னாலேயே "மூடு." நான் பேச்சு சுவாரசியத்தில் ஒரு நொடி தாமதித்தாலும் அவள் கை வந்துவிடும். கொஞ்ச நாளில் முன் சீட்டு, பின் சீட்டுக்காரர்களும் அவள் குரலுக்கு மூடித் திறக்கப் பழகினார்கள். பழகாதவர்கள் இருந்தால் எழுந்துபோய் அவளே மூடிவிட்டு வருவாள். திட்டினால் காதில் வாங்கமாட்டாள்.

ஒரு நாள் அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். மூன்று வயசுப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கிறது. இவள் போய் மூடினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. அவன் அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அப்பன் முறைத்துப் பார்த்தான். இவள் ஷட்டர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாளே தவிர அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பச்சப் புள்ளகிட்ட கூடவா எரக்கம் இல்ல உனுக்கு? கல்நெஞ்சுக்காரி."

"அதுக்குந்தான் தோலு இருக்குது" என்றாள். மண் ரோடு முடிந்த பிறகுதான் கையை எடுத்தாள். அன்றைக்குத் திண்டிவனம் வரைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவள் முதலில் மேற்கே திரும்பி ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்ப்பாள். கோட்டை பார்க்க வந்தவர்கள் பார்க்கிற மாதிரி இல்லை. கடைக்காரன் வானத்தைப் பார்ப்பானே, அந்த மாதிரி. உச்சியில் இருக்கிற மண்டபம் பளிச்சென்று தெரிந்தால் துணியை ஒரு சுற்று. மங்கலாகத் தெரிந்தால் இரண்டு சுற்று. மலையே சாம்பலாக நின்றால், "இன்னிக்கு மூணு" என்று சொல்லிக்கொண்டே கட்டுவாள். செஞ்சியில் பிறந்து வளர்ந்த நான் அந்த மலையை அதற்கு முன்னால் ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பேனா என்பது சந்தேகம். இன்றைக்கும் ஊருக்குப் போனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கண் அங்கேதான் போகிறது.

துணி பருத்திதான் இருக்க வேண்டும். நைலான் துப்பட்டா கட்டுகிறவர்களைப் பார்த்தால், "அது தூசியையும் உடும், வேர்வையையும் புடிச்சி வெச்சிக்கும்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஏழு துணி வைத்திருந்தாள், நாளைக்கு ஒன்று. நேற்றுக் கட்டியதை இன்றைக்குக் கட்டமாட்டாள். கிளம்புமுன் முகத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதற்குமேல் கிடையாது. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள், தெரியாமல்கூடச் சொறிந்துவிடக் கூடாது என்று. திண்டிவனத்தில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு குழாய்ப் பக்கம் போகமாட்டாள். அது உப்புத் தண்ணி. வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணியால், சோப்பில்லாமல், இரண்டு கையாலும் ஏந்தி ஏந்தி முகம் கழுவுவாள். துடைக்கமாட்டாள். துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுப்பாள். கழுவின தண்ணி கீழே போகும்போது ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்று சுற்றுக்குள்ளே இருந்த முகம், தண்ணி கறுப்பாகப் போகிறது.

"மண்ணு பரவால்ல, மேல குந்தும், தட்டுனா போயிடும். இந்தப் பாலத்துக்கடியில வர்ற பொக இருக்குது பாரு, அது எண்ண மாதிரி ஒட்டிக்கும்" என்றாள்.

"பெரிய சினிமாக்காரி" என்று நான் முணுமுணுத்தேன். காதில் விழுந்திருக்கும்.

இத்தனை பாடு எதற்கு என்று எனக்குத் தெரிய ஆறு மாசம் ஆயிற்று. ஒரு மத்தியானம் வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க அவர் சம்சாரத்தோடு ஒரு பெரிய கடைக்குப் போனேன். மேல்மாடியில் பட்டு செக்ஷன். ஏகப்பட்ட விளக்கு. வெள்ளை விரிப்பின்மேல் ஒரு பெண் அரக்கு நிறப் பட்டைத் தன் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். முகம் மாசு மருவில்லாமல் அவ்வளவு அழகு. இவளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நான் யோசித்தேன். ஆறு மாசமாகத் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வருகிறவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவும்போது பக்கவாட்டில் பார்த்தது எம்மாத்திரம். அவள்தான் என்னைப் பார்த்து, "இன்னா, இன்னிக்கு வாந்தி எடுக்கல?" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் விவரம் சொன்னாள். அந்தக் கடையில் தினமும் காலையில் வேலையாட்கள் நுழைகிற வாசலில் சூப்பர்வைசர் நிற்பான். பட்டு செக்ஷன் பெண்கள் அவனுக்கு முகத்தைக் காட்டிவிட்டு மேலே போக வேண்டும். முகம் சிவந்திருந்தாலோ, பொரிந்திருந்தாலோ, "நீ இன்னிக்கு கீழ இரு" என்பான். கீழே என்றால் பின்படிக்கட்டு ஓரத்தில் துண்டு, லுங்கி, போர்வை. சம்பளமும் கம்மி, மரியாதையும் கம்மி. நாலு தடவை கீழே போனவள் மறுபடி மேலே வர முடியாது.

"கைவேலைக்குன்னு எடுத்தாங்கன்னு நெனச்சன். மூஞ்சிக்கித்தான் எடுத்திருக்காங்க" என்றாள். "எட்டு வருசமா மேல நிக்கறன். ரெண்டு தடவ கீழ போயிருக்கறன். இன்னும் ரெண்டு பாக்கி."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்றைக்கும் ஷட்டருக்குச் சண்டை போட்டேன். வயிறு கேட்காதே, என்ன செய்ய?

அந்த முகத்துக்குத் தூசி ஆகாமல் போனதற்கும் ஒரு கதை உண்டு. எனக்குக் கன்னத்தில் நாலு பரு வந்திருந்தது. மருந்துக் கடையில் சும்மா கேட்டதற்கு ஒரு வெள்ளை கிரீம் டியூப் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஏக்கா ஏக்கா என்று நான் கத்தக் கத்தத் தரவில்லை.

"கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பொண்ணு குடுத்திச்சி, இதே டியூபு. பத்து நாள்ல செவப்பா ஆயிட்டன். எல்லாரும் கண்ணு வெச்சாங்க. ரெண்டு வருசம் உடாம தடவுனன். ஒரு நாளு டியூபு தீந்துபோச்சி, கடையில இல்ல. மறுநாளு மூஞ்சி நெருப்பா எரியுது. வெயிலு பட்டா எரியுது, அடுப்பு அனலு பட்டா எரியுது, தூசி பட்டா கொப்பளிக்குது. பெரியாஸ்பத்திரி டாக்டரு லைட்டு அடிச்சிப் பாத்துட்டு, இன்னாம்மா தோல வெங்காயத் தோலு ஆக்கி வெச்சிருக்கிறன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"மருந்து குடுப்பாருன்னு பாத்தா, நாலு வார்த்த சொன்னாரு. தடவறத உடு, மூடு, கழுவு, பொறு. அத்தத்தான் செய்யறன்."

என் நாலு பருவும் அதுவாகவே போய்விட்டது. அவள் அன்றைக்கு அதைப் பிடுங்காமல் இருந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்குமோ. இப்போது பல்லாவரத்தில் இருக்கிறேன். ஸ்கூட்டரில் சிக்னலில் நிற்கும்போது, பருத்தித் துணியை இரண்டு சுற்றுக் கட்டிக்கொண்டு, முன்னால் நிற்கிற லாரிக்காரனைத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த ரோடு முடிந்துவிட்டது, இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. நாங்கள் ஊரை விட்டு வந்தோம், போன் தொலைந்தது, நம்பர் போயிற்று. அவள் எங்கே இருக்கிறாளோ. சில நாள் காலையில் அவள் நினைப்பு வந்தால் அழுகை முட்டும். சண்டை போட ஆள் இல்லாமல் போவதும் ஒரு கஷ்டம்தான்.

அந்த பஸ் நாட்களில் தூசி மட்டுமில்லை, புகை என்று எதுவும் அவளுக்கு ஆகாது. போகிக்குத் தெருவில் எரிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியோடு உள்ளே இருப்பாள். மாமியாருக்குக் கோபம். மேல்மலையனூர் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஆத்தா சாம்பல மூஞ்சி பூரா பூசு, எல்லாம் போயிடும்" என்றிருக்கிறாள். இவள் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, "ஆத்தாவுக்கு என் நெத்தி போதும்" என்று சொல்லிவிட்டாளாம். வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் பஸ் டிரைவர் பக்திமான். வெள்ளிக்கிழமையானால் முன்னால் இருக்கிற சாமி படத்துக்கு ஒரு கட்டு ஊதுவத்தியைக் கொளுத்திவிடுவார். பஸ் முழுக்கப் புகை. சொல்ல யாருக்கு வாய் வரும்? இவளுக்கு வந்தது.

"ஏண்ணே, சாமிக்குப் பொகதான் வேணுமா? பூ போதாதா?"

"பூவு யாரு வாங்கறது? நீ வாங்கியாறியா?" என்றார் அவர் விளையாட்டாக.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு முழம் கதம்பம் வாங்கிவந்து அவளே படத்துக்குப் போட்டாள். மழையானாலும் லீவானாலும் பூ வந்துவிடும். அவள் வராத வெள்ளிக்கிழமைகளில் பூக்காரம்மாவிடம் சொல்லி அனுப்பியிருப்பாள். டிரைவர் ஊதுவத்தியை விட்டார். "இந்தம்மாவுக்கு பயந்து சாமியே பொகைய உட்டுடுச்சி" என்று கண்டக்டர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது வருஷம் தை மாசம். அந்தக் கடையில் மூன்றாவது மாடி கட்டி, கல்யாணப் பட்டுக்கென்றே தனி ஏசி ஹால் போட்டார்கள். அதற்கு இரண்டு பேரைப் பொறுப்பாகப் போடப்போவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியே வந்து ஆள் பார்க்கிறார் என்று சொன்னார்கள். மேலே போய்விட்டால் வாசலில் முகம் காட்டுகிற வேலை இல்லை. தூசி இல்லை, அனல் இல்லை. சம்பளமும் ஏறும். அவளுக்கு அதைவிட வேறு சொர்க்கம் கிடையாது.

ஒரு மாசம் அவள் இருந்த விரதத்தைப் பார்க்க வேண்டுமே. கருவாடு இல்லை, கத்தரிக்காய் இல்லை. துணி எப்போதும் மூன்று சுற்று. ஷட்டரைத் தொட எனக்கு அனுமதியே இல்லை. நானும் சண்டையைக் குறைத்துக்கொண்டேன். "அக்கா, ஏசி ஹாலுக்குப் போனப்புறம் என்ன மறந்துடாத" என்றால், "உன்ன எப்பிடிடி மறக்கறது, பொடவ ஞாபகப்படுத்துமே" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை. எனக்கு அப்போது இரண்டு மாசம். ஆறு வருஷம் கழித்துத் தங்கியது. வீட்டுக்காரருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது, மூன்று மாசம் முடியாமல் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தோம். காலையிலிருந்தே ஒரு வாய்த் தண்ணிகூட நிற்கவில்லை. லீவு போட்டிருக்கலாம். கோர்ட்டில் அன்றைக்கே கொடுக்க வேண்டிய பேப்பர் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

வல்லம் தாண்டி மண் ரோட்டில் ஒரு டிப்பர் அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் எட்டு வண்டி, பின்னால் பத்து வண்டி. ஒதுங்கிப் போகிற வண்டிகள் கிளப்புகிற மண்ணில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் எல்லா ஷட்டரும் மூடியிருந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். இருட்டு, வேர்வை, டீசல். எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். சீட்டிலேயே சரிந்தேன்.

அக்கா என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"எத்தினி மாசம்?"

"ரெண்டு" என்றேன்.

அவள் எழுந்து இரண்டு கையாலும் ஷட்டரைத் தூக்கினாள். அதுவரைக்கும் மூன்று வருஷத்தில் அந்த இடத்தில் அவள் ஷட்டரைத் தூக்கி யாரும் பார்த்ததில்லை. "ஷட்டர் அக்காவே தொறக்குது பாருடா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். மண் காற்று உள்ளே அடித்தது.

"வேணாங்க்கா, இன்னிக்கி உனுக்கு..." என்றேன்.

"வாய மூடிக்கினு தலைய வெளிய நீட்டு."

என் நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். வயிற்றில் ஒன்றுமில்லாமல் வெறும் பித்தம் பித்தமாக வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலையை உள்ளே இழுத்தபோது அவள் முகத்தில் துணி இல்லை. மூன்று சுற்றையும் அவிழ்த்து, முகம் கழுவ வைத்திருந்த பாட்டில் தண்ணியை முழுக்க அதில் ஊற்றி நனைத்து என் வாயைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், மிச்சத்தை மடித்து என் உச்சந்தலையில் வைத்தாள். பஸ் கிளம்ப அரை மணி ஆயிற்று. அதற்கப்புறம் மேம்பாலத்துக்கடியில் இருபது நிமிஷம். ஷட்டரை மூடு மூடு என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் மூடவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியதும் வேறு வழியில்லாமல் குழாயில் உப்புத் தண்ணியைப் பிடித்துக் கழுவினாள். கழுவக் கழுவ இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரத்தில் பொரிப் பொரியாக எழும்பியது.

"ரொம்ப தெரியுதா?"

"இல்லக்கா."

"நல்லா பேசற, வக்கீலு ஆபீசு பொண்ணுன்னா சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். போகிறவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடிப்போய் அந்த முதலாளியிடம் நானே சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. மத்தியானம் சோற்றைக்கூடத் தின்னாமல் கடைக்குப் போனேன். புது மாடியில் இரண்டு பேர் நின்றார்கள், இருபது வயசுப் பெண்கள். பழைய பட்டு செக்ஷனிலும் அவள் இல்லை. பில் போடுகிற பெண்ணிடம் கேட்டேன்.

"அந்த அக்காவா? முதலாளி மூஞ்சியப் பாத்துட்டு, நாலு தடவ கணக்குகூடப் பாக்காம துண்டு செக்ஷனுக்கு மாத்திட்டாரு. இனிமே அங்கதானாம். இப்ப லீவுல இருக்குது, மூஞ்சி வீங்கிப் போச்சி" என்றாள்.

நான் பாவி. அன்றைக்கு லீவு போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மறுநாளிலிருந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பஸ் கிளம்புமுன்னாலேயே ஷட்டரை நானே இறக்கிவிட்டுக்கொண்டேன். தார் ரோட்டில்கூடத் திறக்கவில்லை. பாலிதீன் கவரை வாயோடு வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் குனிந்து, "அந்தம்மாதான் இல்லியே, தொறந்துக்கயேன்" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை அது. அதனால் யாருக்கு என்ன லாபம் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அழுகைதான் வந்தது.

வியாழக்கிழமை அவள் வந்தாள். துணி மூன்று சுற்று. பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி, "சாப்டியா?" என்றாள்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. "எல்லாம் என்னாலதாங்க்கா. பத்து வருசமா காப்பாத்தி வெச்சத ஒரே நாள்ல நான் கெடுத்துட்டன்."

"ஊர் பாக்க அழாத. துண்டு வாங்க வர்றவன் துண்டத்தான் பாப்பான். நிம்மதியா இருக்குது" என்றாள். நிம்மதியாக இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

மண் ரோடு வந்தது. முன்னால் இரண்டு டிப்பர். நான் ஷட்டர் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை. இனிமேல் அவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, இரண்டு கிளிப்பையும் அமுக்கி, முதல் நாள் இறக்கின அதே வேகத்தில் இறக்கினாள்.

"இன்னும் எதுக்குக்கா மூடற? அதான் பட்டு செக்ஷன் போயிடுச்சே" என்றேன்.

"பட்டு செக்ஷன் கடக்காரனுது. போச்சி. தோலு என்னுது."

இரண்டு கிலோமீட்டரும் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மண் முடிந்து தார் ஆரம்பித்தது. அவளே எழுந்து ஷட்டரை முழுக்கத் தூக்கி மாட்டினாள். காலைக் காற்று சில்லென்று வந்தது.

"ம், இழு" என்றாள். "நல்லா மூச்ச இழுத்துக்க. ரெண்டு பேருக்கும் சேத்து."